நகரின் பெயர் கொண்ட நங்கை

ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நிற்கும் பெற்றோரிடம் குருவானவர் முதன்முதலாகக் கேட்பது குழந்தையின் பெயரைத்தான். இந்த விழா மலருக்காக நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டியபோது, அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் அளித்த விடைகள் வரிசை வரிசையாக நம் கண்முன் வந்து நின்றன. அந்தோணி, சூசை, மரியாள், அருளப்பன் என்று புனிதர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அவற்றிடையே வேறொரு வகைப் பெயர்களும் உண்டு. லூர்து என்பது பிரான்சு நாட்டு ஊர். பாத்திமா போர்த்துக்கல்லில் உள்ளது. லொரேத்தா என்று அழைக்கிறோமே, அது இத்தாலியில் மாதாவின் திருவீடு இருக்கும் லொரேத்தோ. வேளாங்கண்ணி என்று பெண்களுக்குப் பெயரிடுவதும் நமக்குப் புதிதல்ல. நம் சவேரியார் கூட, நவார் நாட்டில் தாம் பிறந்த கோட்டையின் பெயரைத்தான் சுமந்து வந்தார். ஊர்ப் பெயரை மனிதருக்கு இடும் வழக்கம் நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று. பழனி, சிதம்பரம், காசி என்று பெயர் கொண்ட அண்டை வீட்டார் நம் எல்லோருக்கும் உண்டு.

இந்தப் பட்டியலில் புளோரன்ஸ் என்னும் பெயரைச் சேர்க்கத் துணிபவர் சிலரே. அதை ஏதோ ஆங்கிலப் பெயர் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆசிரியைகளாகவும் நர்ஸ்களாகவும் நம் தமிழ்ப் பங்குகளில் எத்தனை புளோரன்ஸ்கள்! அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யாரால் இவ்வளவு தூரம் வந்தது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இத்தாலியில் ஆர்னோ ஆற்றங்கரையில் உரோமையர் ஒரு குடியிருப்பை நிறுவி, அதற்குப் புளோரென்சியா என்று பெயரிட்டனர். பூத்துச் செழிப்பது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். இத்தாலியர் இன்று அதனைப் பிரென்சே என்பர். ஆங்கிலேயர் புளோரன்ஸ் என்பர். லீலி மலரே அந்நகரின் சின்னம். அங்குள்ள தலைமைப் பேராலயமும் மலரின் மரியன்னைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. புனித பிலிப்பு நேரி பிறந்ததும் அங்கேதான். பூவரசி, பூங்கொடி, மலர்விழி என்று நம் பிள்ளைகளை அழைக்கிறோமல்லவா? பொருள் நோக்கிப் பார்த்தால் புளோரன்சும் அவர்களுடைய கூட்டத்தைச் சேர்ந்தவளே.

இப்பெயர் கொண்ட புனிதை உண்டா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்பதே விடை. தியோக்கிளேசியன் காலத்து வேதகலாபனையில், திபேரியுஸ், மொதெஸ்துஸ் ஆகியோருடன் உயிர் நீத்த புளோரென்சியா என்னும் வேதசாட்சியின் திருநாள் நவம்பர் 10-ந் தேதி. ஆனால் உள்ளதைச் சொல்வதானால், இந்தப் பெயரை உலகெங்கும் பரப்பியவர் அந்த வேதசாட்சி அல்லர். கத்தோலிக்கத் திருச்சபையைச் சேராத ஓர் ஆங்கிலப் பெண்மணி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வில்லியம் நைட்டிங்கேலும் அவர் மனைவி பிரான்செசும் செல்வந்தர்கள். 1818-இல் மணமுடித்த கையோடு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர். 1819-இல் நேப்பிள்ஸ் நகரில் தலைமகள் பிறந்தாள். அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தனோப் என்பதையே அவளுக்கு இட்டார்கள். அடுத்த ஆண்டு புளோரன்சுக்கு வந்தார்கள். நகருக்கு வெளியே கொலொம்பாயா என்ற மாளிகையில், 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இரண்டாவது மகள் பிறந்தாள். அவளுக்கும் பிறந்த ஊரே பெயராயிற்று. அந்நாளில் இங்கிலாந்தில் பெண் குழந்தைகளுக்கு அது மிக அருமையாகவே இடப்பட்ட பெயர். முற்காலத்தில் ஆண்களுக்கும் அதனை இட்டதுண்டு. குடும்பப் பெயரும் தற்செயலாக வந்ததே. தந்தையின் பிறவிக் குடும்பப் பெயர் ஷோர். தம் தாயாரின் உறவில் வந்த பெரும் சொத்துக்காக அவர் 1815-இல் நைட்டிங்கேல் என்று மாற்றிக்கொண்டார். ஆக, ஓர் உல்லாசப் பயணமும் ஓர் உயிலும் சேர்ந்துதான் உலகம் அறிந்த அந்தப் பெயரை உண்டாக்கின.

தந்தை மகள்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், வரலாறு, தத்துவம் எல்லாம் தாமே கற்பித்தார். இளையவளுக்குக் கணிதத்திலும் தீராத ஆசை. 1837 பிப்ரவரி 7-ந் தேதி, பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தம் பணிக்கு அழைத்ததாகப் புளோரன்ஸ் தம் குறிப்பில் எழுதி வைத்தார். எந்தப் பணி என்பது தெளிவாகவே சில ஆண்டுகள் ஆயின. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதே அது என்று தெளிந்தபோது வீட்டில் பூகம்பம் வெடித்தது. அக்காலத்து ஆங்கில மருத்துவமனைகளில் தாதியர் என்றால் குடியும் ஒழுக்கக்கேடும் என்றே ஊரார் பேசினர். அந்த வேலைக்குப் பெரிய இடத்துப் பெண் போவதாவது! தாயார் அழுதார். தமக்கை மயங்கி விழுந்தார். 1845-இல் சால்ஸ்பரி மருத்துவமனையில் பயிற்சி பெற அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. பல ஆண்டு காத்திருந்த நல்லவர் ஒருவரின் திருமண வேண்டுகோளை 1849-இல் அவர் மறுத்தார். தாயாருக்கு அது இன்னொரு இடி. பெண்பிள்ளையின் தேவஅழைத்தல் வீட்டில் என்ன பாடு படுத்தும் என்பதை, கன்னியர் மடத்துக்கு மகளை அனுப்பிய நம் பங்கின் தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

1847-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அவர் குடும்ப நண்பர்களுடன் உரோமையில் கழித்தார். அங்கே, திரினித்தா தெய் மோந்தி ஆலயத்தை அடுத்திருந்த திருஇருதய சபைக் கன்னியர் மடத்தில், சாந்தா கொலொம்பா என்ற தாயாரைச் சந்தித்தார். அம்மடத்திலேயே பத்து நாள் தியானம் செய்தார். தெருவில் கண்ட ஓர் ஏழைச் சிறுமியை அந்த மடத்துப் பள்ளியில் சேர்த்து அவள் செலவையும் ஏற்றார். நம் கன்னியர் சபைகளைப் போலத் தம் நாட்டுப் பெண்களுக்குப் பயிற்சியும் பணியும் தரும் அமைப்பு இல்லையே என்ற ஏக்கம் அவரை வாட்டியது. 1852-இல், பிற்காலத்தில் கர்தினாலாக உயர்ந்த மானிங் அடிகளாருக்குக் கடிதங்கள் எழுதி, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்வது பற்றியும் ஆலோசித்தார். சேரவில்லை. இறுதிவரை ஆங்கிலிக்கன் சபையிலேயே இருந்தார். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது நேர்மையாகாது. எனினும் அவருடைய வாழ்வில் நம் கன்னியருக்கு எவ்வளவு பெரிய பங்கு உண்டு என்பதைப் பாட நூல்கள் சொல்லாமல் விட்டன. அதனாலேயே நாம் அதைச் சொல்கிறோம்.

1851-இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில், புராட்டஸ்டண்டு ஊழியப் பெண்களிடம் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் பாரிஸ் சென்று கன்னியரின் மருத்துவப் பணியை நேரில் கண்டார். அதே ஆண்டு, லண்டனில் நோயுற்ற பெண்மணிகளுக்கான சிறிய இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அதன் நிர்வாகக் குழுவினர் ஆங்கிலிக்கன் சபையினரை மட்டுமே சேர்க்க விரும்பினர். கத்தோலிக்கரையும் யூதரையும் சேர்க்க வேண்டும், அவரவர் குருக்கள் வந்து பார்க்கவும் இடமளிக்க வேண்டும், இன்றேல் தாம் வரப்போவதில்லை என்று அவர் உறுதியாக நின்றார். குழுவினர் இணங்கினர்.

1854-இல் இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற ஆங்கிலப் படைவீரர்கள் கவனிப்பாரற்று மடிவதைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. பிரெஞ்சுப் படைக்குத் துணை நிற்கக் கன்னியர் இருக்கிறார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று லண்டனில் கேள்வி எழுந்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், உரோமையில் அறிமுகமான புளோரன்சை அழைத்தார். அக்டோபர் 21-ந் தேதி புறப்பட்ட குழுவில் 38 பெண்கள். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர்: லண்டன் பெர்மாண்ட்சி மடத்து இரக்கத்தின் சகோதரிகள் ஐவர், நார்வுட் மடத்தினர் ஐவர். பெர்மாண்ட்சி மடத்துத் தலைவி மேரி கிளேர் மூர் தாயாரே தம் சகோதரிகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நவம்பர் 4-ந் தேதி, கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரியை அடைந்தனர். ஒரு பெரிய படைமுகாம் அங்கே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. கட்டில் போதாது, துணி போதாது, துடைப்பமும் வாளியும் கூடப் போதாது. மருத்துவர்கள் இந்தப் பெண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் அழைக்காமல் எவரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று புளோரன்ஸ் கண்டிப்பான உத்தரவிட்டு, துணி தைத்துக்கொண்டு காத்திருக்கச் செய்தார். அடுத்த நாளே இங்கர்மன் போர் நடந்தது. காயமுற்றோர் கப்பல் கப்பலாக வந்திறங்கவும், மருத்துவர்கள் தாமே வந்து அழைத்தார்கள். சமையற்கூடம், சலவைக்கூடம் என்று ஒவ்வொன்றாக அவர் ஏற்படுத்தினார். இரவில் கையில் விளக்குடன் படுக்கைகளுக்கிடையே நடந்து வந்த காட்சி பத்திரிகைப் படமாக இங்கிலாந்து முழுவதும் பரவியது. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1857-இல் அவரைப் பற்றி எழுதிய கவிதைக்குச் சாந்தா பிலோமினா என்றே தலைப்பிட்டார். கிரேக்கக் கதையில் நைட்டிங்கேல் பறவையாக மாறியவள் பிலோமெலா. அச்சொல்லின் ஓசை நம் பிலோமினம்மாளையும் உள்ளே இழுத்துவிட்டது!

கிளேர் மூர் தாயார் டப்ளினில் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாயிருக்கையில் கத்தோலிக்கரானவர். கணக்குப் பார்ப்பதிலும் ஆட்களை நடத்துவதிலும் வல்லவர். ஸ்கூட்டாரியில் பண்டசாலையும் உணவும் பெரிதும் அவர் பொறுப்பிலேயே நடந்தன. வெளியே புளோரன்சைக் கத்தோலிக்கருக்குச் சலுகை காட்டுபவர் என்று சிலர் தூற்றினர். உள்ளே கத்தோலிக்கத் தரப்பிலும் ஒரு பூசல் எழுந்தது. 1854 டிசம்பரில், அயர்லாந்தின் கின்சேல் மடத்துப் பிரிட்ஜ்மன் தாயார் தலைமையில் 15 சகோதரிகள் வந்தனர். தம் சகோதரிகள் ஒரு பொதுநிலைப் பெண்ணின் அதிகாரத்துக்கு உட்பட மாட்டார்கள் என்று அத்தாயார் மறுத்துவிட்டார். அவர்கள் வேறு மருத்துவமனைகளில் மிகச் சிறப்பாகப் பணிபுரிந்தனர். மடிந்துகொண்டிருந்த வீரர்களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஏராளம். அவர்களுக்கு அச்சகோதரிகள் தெய்வத் துணையாக இருந்தனர். இருந்தும் பிரிட்ஜ்மன் தாயாருக்கும் புளோரன்சுக்கும் ஒத்துப்போகவே இல்லை. புளோரன்சின் நாவும் எழுத்தும் கூரியவை. அத்தாயாரைக் கேலிப் பெயரிட்டு எழுதினார். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. நல்லவர்கள் இருவர் ஒரே இடத்தில் நல்லது செய்ய முற்படும்போது நடப்பதுதான் அங்கும் நடந்தது.

கிளேர் மூர் தாயாரிடமோ அவருக்கு நேர்மாறான உறவு. தாயார் நோயுற்று 1856-இல் இங்கிலாந்து திரும்பியபோது, தலைமைப் பதவிக்குத் தம்மைவிட அவரே மிகவும் தகுதியானவர் என்ற கருத்தில் புளோரன்ஸ் அவருக்கு எழுதினார். யாரையும் எளிதில் புகழாதவர் எழுதிய கடிதம் அது.

விளக்கேந்திய மங்கையின் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். உண்மையில் இதற்குப் பின்னரே அதன் கனமான பகுதி தொடங்குகிறது. 1855 பிப்ரவரியில், அவருடைய மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தனர். காயத்தால் அல்ல, வயிற்றுக்கடுப்பாலும் காய்ச்சலாலும் காலராவாலும். கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுத் தேங்கிக் கிடந்தன. மார்ச்சு மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் தூர்வாரியது. குடிநீர் வந்த கால்வாயிலே செத்த குதிரை ஒன்றையும் கண்டெடுத்தது. அதன்பின் சாவு மளமளவென்று குறைந்து, ஜூன் மாதத்தில் 100-க்கு ஏறக்குறைய 2 ஆயிற்று. கிரிமியப் போரில் இறந்த ஆங்கிலப் படையினர் சுமார் 21,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் நோயால் மாண்டவர்களே. நாடு திரும்பிய பின், புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து கணக்கிட்டபோதுதான் புளோரன்சுக்கு இதன் முழுப் பொருள் விளங்கியது. தாம் இரவெல்லாம் விளக்குடன் நடந்த அதே கட்டடம்தான் வீரர்களைக் கொன்றிருக்கிறது! இந்த உண்மையை மறைத்து, கிடைத்த புகழை அனுபவித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் அதை எண்களாக்கி, வட்டப் படங்களாக்கி, அரசாங்கத்தின் முன் வைத்தார்.

புகழ் அவரை முந்திக்கொண்டு இங்கிலாந்து வந்து சேர்ந்திருந்தது. கப்பல்களுக்கும் பந்தயக் குதிரைக்கும் கூட அவர் பெயர். அந்த ஆண்டுகளில் நாடெங்கும் பிறந்த பெண் குழந்தைகளுக்குப் புளோரன்ஸ் என்று பெயரிட்டார்கள். இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாத தொழிலாளர் வீடுகளிலும் புளோரன்ஸ்கள் பிறந்தார்கள். நகரத்திலிருந்து பெண்ணுக்கு வந்த பெயர், இப்போது அந்தப் பெண்ணிடமிருந்து ஆயிரமாயிரம் பெண்களுக்குச் சென்றது. பார்த்தனோப் என்ற பெயரோ அந்த ஒரு தமக்கையோடு நின்றுபோயிற்று.

அந்தப் பெயருக்கு உரியவர் அதை அப்போது மறைத்துக்கொண்டிருந்தார். 1856 ஆகஸ்டில், அரசாங்கக் கப்பலையும் வரவேற்பு ஏற்பாடுகளையும் மறுத்து, மிஸ் ஸ்மித் என்ற பெயரில் அத்தையுடன் பயணம் செய்தார். ஸ்மித் என்பது அவருடைய தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர். கூட்டத்தில் கரைந்துபோக அதைவிட நல்ல பெயர் ஆங்கிலத்தில் இல்லை. லண்டனை அடைந்ததும் அரண்மனைக்கோ அமைச்சரிடமோ போகவில்லை. அதிகாலையில் பெர்மாண்ட்சி மடத்தின் கதவைத் தட்டினார். அன்று கன்னியரின் ஆண்டுத் தியானம் தொடங்கும் நாள். கிளேர் மூர் தாயாருடன் சில மணி நேரம் ஜெபத்தில் இருந்துவிட்டு, இரயிலேறி, நிலையத்திலிருந்து தனியே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார். நாம் படித்தறிந்த அவர் வாழ்க்கையில் நம் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதுவே.

கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவரை விட்டு நீங்கவில்லை. 1857-க்குப் பிறகு பல்லாண்டுகள் படுக்கையிலும் அறைக்குள்ளுமாகவே கழித்தார். அங்கிருந்தபடியே படைமுகாம்களின் சுகாதாரத்தை மாற்றினார். 1859-இல் தாதியர் பணி பற்றிய நூலை எழுதினார். மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். நம் நாட்டுக்கு அவர் ஒருபோதும் வந்ததில்லை. ஆயினும் இந்தியாவிலிருந்த படைத்தளங்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பச் செய்து, விடைகளை எல்லாம் படித்தார். இங்கு ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 ஆங்கிலப் படைவீரர் இறந்ததை 1863-இல் வெளியான அரசுக் குழு அறிக்கை காட்டியது. படைவீரரைப் பற்றித் தொடங்கிய அக்கறை குடியானவரிடம் வந்து நின்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, நீர்ப்பாசனம் வேண்டும், குடியானவனைக் கடனிலிருந்து மீட்க வேண்டும் என்று லண்டன் பத்திரிகைகளில் விடாது எழுதினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனோடு இது பற்றிக் கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். நம் தாத்தா பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று கதை கதையாகச் சொன்ன அதே பஞ்சத்துக்காக, கடலுக்கப்பால் ஒரு நோயாளி படுக்கையிலிருந்து வாதாடினார் என்பது நமக்குப் புதிய செய்தியாகவே இருந்தது.

கிளேர் மூர் தாயாரின் நட்பு நிலைத்திருந்தது. அவிலா தெரேசம்மாள், சிலுவை அருளப்பர் ஆகியோரின் நூல்கள் மடத்திலிருந்து அந்த நோயாளியின் அறைக்குப் போயின. 1874 டிசம்பரில் தாயார் இறந்தபோது, தமக்கு இனி அப்படியொரு துணை இல்லை என்று புளோரன்ஸ் வருந்தினார். தமக்கை பார்த்தனோப், இளமையில் எதிர்த்து நின்றவர், முதுமையில் தங்கையுடன் நெருக்கமானார். 1890 மே 12-ந் தேதி, தங்கையின் பிறந்தநாளன்றே, அவர் உயிர் பிரிந்தது. நகரங்களின் பெயர் கொண்ட சகோதரிகளில் ஒருவரே மிஞ்சினார்.

அதே ஆண்டு ஜூலையில், ஏழ்மையில் வாடிய பழைய போர்வீரர்களுக்கு நிதி திரட்ட, எடிசனின் பேசும் கருவியில் அவர் குரல் பதிவு செய்யப்பட்டது. தாம் வெறும் பெயராக மட்டும் ஆகிவிடப்போகும் காலத்தை நினைத்துச் சில சொற்கள் சொல்லி, பழைய தோழர்களை ஆசீர்வதித்து, முடிவில் தம் பெயரையும் சொல்கிறார். அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.

1907-இல் ஆங்கில அரசின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்போது பார்வையும் நினைவும் மங்கிவிட்டன. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-ஆம் வயதில் லண்டனில் காலமானார். பிற்பாடு, 1913-இல், அவர் பிறந்த நகரின் திருச்சிலுவைப் பேராலய முற்றத்தில், பிரான்சிஸ்கன் துறவிகளின் நிழலில், அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். உலகத் தாதியர் நாள் அவருடைய பிறந்தநாளாகிய மே 12-ந் தேதி கொண்டாடப்படுகிறது.

அரசர்களும் கவிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. அவர் விருப்பப்படி உறவினர் அதை ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூர்க் கோயிலின் முற்றத்தில், பெற்றோரின் கல்லறையில் அவரை வைத்தார்கள். படைவீரர் ஆறு பேர் பெட்டியைச் சுமந்தனர். கல்லின் ஒரு பக்கத்தில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் உள்ளன. புளோரன்ஸ் என்ற பெயர் அங்கே இல்லை. எஃப், என் என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.